டோரிஸ் கார் இல்லையாம்

வியாழக்கிழமை மத்தியானம் பட்டாணி சூப்பில் கடுகு விழுதைக் கலக்கிக்கொண்டிருந்தபோது, தன்னுடைய கார் கார் இல்லை என்கிற சேதி சிக்ஸ்டெனுக்குத் தபாலில் வந்தது.

கடிதம் என்னவோ பிரியமாகத்தான் ஆரம்பித்திருந்தது. "வணக்கம் சிக்ஸ்டென்! ஒருவழியாக வெயில் வந்துவிட்டது, இல்லையா?" என்று குசலம் விசாரித்துவிட்டு, வாகன மரபு வாரியம் விஷயத்துக்கு வந்தது. முப்பது வயது தாண்டிய அமெரிக்கக் கார் ஒவ்வொன்றும், தொழிற்சாலை வாசலைத் தாண்டிய நாளில் எப்படி இருந்ததோ அப்படியே நூற்றுக்கு எழுபத்தைந்து பங்காவது இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அது கார் ஆகாது, 'காரின் தோற்றமுள்ள பொருள்' ஆகும். பொருளுக்கு நம்பர் பலகை கிடையாது. ஜூலை முதல் தேதிக்குள் சோதனைக்குக் கொண்டுவரவும். கொண்டுவராவிட்டால் நாங்களே வந்து பலகையைக் கழற்றிக்கொள்கிறோம், உங்களுக்கு வீண் அலைச்சல் வேண்டாம். இப்படிக்கு அன்புடன் என்று போட்டு, பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம் வேறு வரைந்திருந்தார்கள்.

"என்னடா அது? மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது?" என்றாள் அவர் மனைவி குன்வோர், சக்கர நாற்காலியை மேஜையோரம் தள்ளிக்கொண்டு.

"டோரிஸ் காரே இல்லையாம்."

"பின்ன என்ன, பசுமாடா?"

டோரிஸ் என்பது ஐம்பத்தெட்டாம் வருஷத்து அமெரிக்க பியூக் கார். கன்சாஸில் ஒரு பல் வைத்தியரிடம் இருபது வருஷம் இருந்துவிட்டுக் கப்பல் ஏறி கோதன்பர்க் துறைமுகத்தில் வந்து இறங்கியது. அப்போது மர அறுவை ஆலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த இருபத்திரண்டு வயசு சிக்ஸ்டென், மொத்தச் சேமிப்பையும் கொட்டி அதை வாங்கி, தன் ஊரான லில்ஃபோர்ஸுக்கு ஓட்டிவந்தார். மூக்கு தேவாலய முனையில் திரும்பினால் வால் திரும்புவதற்குள் ஒரு பாட்டு முடிந்துவிடும், அவ்வளவு நீளம். குன்வோர் அந்தக் காரைப் பார்த்துத்தான் அவரைத் திரும்பிப் பார்த்தாள். இதை அவளே நாற்பது வருஷமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அவரும் கோபித்துக்கொள்வதில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் குன்வோருக்கு முதுகெலும்பில் ஏதோ கோளாறு வந்து, இடுப்புக்குக் கீழே கால்கள் சொன்னதைக் கேட்காமல் போயின. நகராட்சி நல்ல நகராட்சி. உடனே சக்கர நாற்காலி ஏறக்கூடிய வெள்ளை வேன் ஒன்றை அனுப்பியது. உள்ளே மருந்து வாடை. குன்வோர் ஒரு தடவை ஏறினாள், வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டு, "இனிமே என் பொணம்கூட அதுல ஏறாது," என்றாள்.

சிக்ஸ்டென் மறுவாரமே டோரிஸின் முன்பக்க வலது சீட்டைக் கழற்றினார். கதவை அகலப்படுத்தினார். மூடிப்போன பேக்கரி ஒன்றின் ரொட்டி வண்டியிலிருந்து ஏற்றி இறக்கும் தட்டை எடுத்து வந்து கதவுக்குக் கீழே பொருத்தினார். எப்போதோ ஊமையாகிப்போன ரேடியோவின் குமிழைத் திருப்பினால் தட்டு முனகிக்கொண்டே இறங்கும், குன்வோர் நாற்காலியோடு ஏறுவாள், குமிழை இன்னொரு திருப்பு திருப்பினால் ராணி மாதிரி உயர்ந்து, புருஷன் பக்கத்தில் போய்ச் சேர்வாள். பிறகு சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு லில்ஃபோர்ஸில் இருக்கிற அமெரிக்கக் கார்களோடு சேர்ந்து சுற்று வருவார்கள்: பெட்ரோல் பங்க், தேவாலயம், ஏரிக்கரை, சாசேஜ் கடை. மூன்று சுற்று. மூன்றாவது சுற்று முடிவில் மெல்லிய ரொட்டியில் சாசேஜும் மசித்த உருளைக்கிழங்கும் இறால் கலவையும் சுருட்டித் தருவார்கள், மேலெல்லாம் வழியவிட்டுச் சாப்பிடுவார்கள். வாரத்தில் குன்வோர் வீட்டைவிட்டு வெளியே போவது அந்த ஒரு பொழுதுதான்.

கடிதத்தை அவள் இரண்டு தடவை படித்தாள். சிரிக்கும் முகத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"சனிக்கிழமைய எடுத்துட்டா எனக்கு வாரமே இல்லடா, சிக்ஸ்டென்," என்றாள். அதில் கிண்டல் இல்லை.

வாரியத்தின் சோதனைக்கூடம் மாகாணத் தலைநகரில், ஏரியைப் பார்த்த கண்ணாடிக் கட்டடத்தில் இருந்தது. வாசலில் எண் சீட்டுக் கொடுக்கும் எந்திரம். சிக்ஸ்டெனுக்கு எண்பத்து நாலு வந்தது. உள்ளே ஈ காக்கை இல்லை. சுவரில் அறுபத்தொன்று என்று மின்னிக்கொண்டிருந்தது.

"நாங்க மட்டும்தானே இருக்கோம்?" என்றார் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம்.

அவள்தான் யெர்டா, வாரியத்தின் மூத்த சோதனையாளர். மார்பில் பெயர் எழுதிய அட்டை, கையில் வெள்ளைக் கையுறை, முகத்தில் குழந்தையைத் தூங்கவைக்கிற கனிவு. "நேத்து சீட்டு வாங்கிட்டுப் போனவங்க யாராவது திரும்பி வரலாம் இல்லையா, சிக்ஸ்டென்? ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு நிமிஷம் காத்திருக்குறதுதான் மரியாதை," என்றாள்.

அறுபத்திரண்டு முதல் எண்பத்து மூன்று வரை ஒருவர் விடாமல் அழைத்தாள். வராதவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிஷம் காத்திருந்தாள். சிக்ஸ்டெனும் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். வரிசையைத் தாண்டுகிற புத்தி அந்த நாட்டில் யாருக்கும் பிறப்பிலேயே கிடையாது. எழுபது வந்ததும் அவரே, எழுபதாம் ஆள் வருகிறாரா என்று வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

எண்பத்து நாலுக்கு டோரிஸ் உள்ளே போனது. யெர்டா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். முன்பக்கத்து மூடியைத் திறந்து, "இது என்ன?" என்றாள்.

"விசிறி. பால் குளிர்விக்குற அறையில இருந்தது. பன்னண்டு வருஷம் முன்னாடி மாட்டினேன். மெதுவா ஓட்டுறப்ப இன்ஜின் கொதிக்கும் பாருங்க, அதுக்காக."

"ஐம்பத்தெட்டுல கொதிச்சிருக்குமா?"

"கொதிச்சிருக்கும்."

"அப்ப கொதிக்குறதுதான் அசல். நாலு குறையுது." எழுதிக்கொண்டாள். சாம்பல் கிண்ணத்தை இழுத்துப் பார்த்தாள். "சுத்தமா இருக்கே?"

"நாங்க புகை பிடிக்குறதில்ல."

"பல் வைத்தியர் பிடிச்சிருக்காரு, கோப்புல இருக்கு. ஒண்ணு குறையுது."

"நான் கொஞ்சம் சாம்பல் கொண்டாந்து போடட்டுமா?"

"யாரோட சாம்பல்?" என்றாள் யெர்டா. சிக்ஸ்டென் கிண்ணத்தை உள்ளே தள்ளி மூடினார்.

டயரை அழுத்தினாள். குனிந்து வால்வில் மூக்கை வைத்தாள். "இது உள்ளூர்க் காத்து," என்றாள் வருத்தத்தோடு. "அரை குறையுது."

கடைசியாகத் தட்டு. "அதை இயக்கிக் காட்டுங்க," என்றாள். சிக்ஸ்டென் ரேடியோ குமிழைத் திருப்பினார். குன்வோர் நாற்காலியோடு வெளியே வந்து, தரைக்கு அரை மீட்டர் மேலே இறங்கிக்கொண்டிருந்தபோது எங்கேயோ மணி அடித்தது. இரண்டரை மணி. காப்பி நேரம். யெர்டா கையை உயர்த்தினாள். "எல்லாம் நிக்கட்டும்! இடைவேளையில எந்திரம் நகரக்கூடாது."

"என் பொண்டாட்டி அந்தரத்துல நிக்குறா!"

"பாதுகாப்பு விதி, சிக்ஸ்டென். உங்க பொண்டாட்டியோட பாதுகாப்புக்காகத்தான்."

யெர்டாவும் உள்ளேயிருந்து வந்த எட்டுப் பேரும் டோரிஸைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். குன்வோர் அவர்கள் நடுவில் உயரே, தட்டில் வைத்த கேக் மாதிரி இருந்தாள். ஆனால் அவளா சும்மா இருப்பாள்? "ஏம்மா, மேல இருக்குறவளுக்கு இலவங்கப்பட்டை ரொட்டி எட்டாதா?" என்றாள். ஒருத்தர் எழுந்து நின்று, கையை நீட்டிக் கொடுத்தார். அவள் சாப்பிட்டு முடித்துத் துகளைத் தட்டிவிட்டாள், அதுவும் அவர்கள் காப்பியில் விழுந்தது.

இடைவேளை முடிந்ததும் யெர்டா படிவத்தை எடுத்தாள். "இந்த அம்மா காரோட வந்த உறுப்பா?"

"கார்தான் அவளோட வந்துச்சு," என்றார் சிக்ஸ்டென்.

"அப்படி ஒரு கட்டம் படிவத்துல இல்லையே. உறுப்பு, பயணி, சுமை, மூணுதான் இருக்கு. பயணின்னா தொழிற்சாலை போட்ட சீட்டுல உக்காந்திருக்கணும். இவங்க உக்காரல." கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தாள். பிறகு சுத்தமான கையெழுத்தில் எழுதி, முத்திரை குத்தினாள். சுமைத் தளம், ஒன்று. சுமை, ஒன்று. சுமைத் தளத்துக்கு இருபது குறைவு.

ஆக மொத்தம் எழுபத்து நாலரை.

"அரைதானே குறையுது?" என்றார் சிக்ஸ்டென். "காத்தை மாத்திட்டு வரேன்!"

"கன்சாஸ் காத்துன்னு சான்று வேணும். அதைவிட சுலபமான வழி இருக்கு, சிக்ஸ்டென். இந்தத் தளத்தை எடுத்துடுங்க, தொண்ணூத்து நாலரை வந்துடும். பதக்கமே கிடைக்கும்."

"எடுத்துட்டா இவ எப்படி ஏறுவா?"

யெர்டா நிஜமாகவே யோசித்தாள். "அது காரைப் பத்தின கேள்வி இல்லையே," என்றாள் கனிவாக. "இன்னொரு வழியும் இருக்கு. மாற்றம் எதுவா இருந்தாலும் முப்பது வருஷம் ஆயிடுச்சுன்னா அதுவே மரபு. உங்க தளத்துக்கு நாலு வருஷம் ஆச்சு. இன்னும் இருபத்தாறு வருஷம் கழிச்சு வாங்க. அப்ப நீங்களே ஆசைப்பட்டாலும் அதைக் கழட்ட நாங்க விடமாட்டோம்."

"அப்ப எனக்குத் தொண்ணூத்திரெண்டு வயசு."

"நாங்க வயசைப் பாத்து யாரையும் ஒதுக்குறதே இல்ல."

மேல்முறையீடு உண்டு என்றார்கள். வாரியத் தலைவர் வால்டமார் இரண்டு வாரம் கழித்து அவர்களைத் தன் அறையில் பார்த்தார். சன்னமான கழுத்து, சுருக்கமே இல்லாத சட்டை. சுவர் முழுக்க அமெரிக்கக் கார்களின் படங்கள். எதிலும் மனிதர்கள் இல்லை.

"நான் வேணாம்னு சொல்ற ஆள் இல்ல, சிக்ஸ்டென்," என்று ஆரம்பித்தார் வால்டமார். "இந்த வாரியத்துல யாருமே வேணாம்னு சொல்றதில்ல. நாங்க காது குடுத்துக் கேக்குறோம். கேட்டுட்டு, விதி என்ன சொல்லுதுன்னு பாக்குறோம். விதிதான் வேணாம்னு சொல்லுது. எங்களுக்கும் அது வருத்தமாத்தான் இருக்கு. யோசிச்சுப் பாருங்க, ஆயிரக்கணக்கான காருங்க கடல் தாண்டி இந்த நாட்டுக்கு வந்துச்சு. வந்ததுங்களை நம்ம ஜனங்க என்ன பண்ணாங்க? ஓட்டுனாங்க! பொண்ணுங்களை ஏத்திக்கிட்டு, நாயை ஏத்திக்கிட்டு, ஏரிக்குப் போயி ஈரத்துணியோட உக்காந்து! அசல் பொருளை உபயோகிக்குறதுதான் அதுக்கு முதல் எதிரி. நான் இருபத்திரெண்டு வருஷமா பழைய காருங்களைக் காப்பாத்துறேன். ஒரு நாள்கூட ஒண்ணுலயும் ஏறுனதில்ல. ஏறுனா தேயும்."

"அப்ப யாருக்காகக் காப்பாத்துறீங்க?" என்றாள் குன்வோர்.

"வருங்காலத் தலைமுறைக்கு."

"அவங்க ஏறலாமா?"

"அவங்களும் ஏறக்கூடாது," என்றார் வால்டமார், அதிர்ந்துபோய்.

கோப்பைப் புரட்டியவர் ஒரு பக்கத்தில் நின்றார். முகம் மலர்ந்தது. பின்சீட்டின் துணி. எண்பத்து மூன்றாம் வருஷம் நாய் கடித்துக் குதறியதால் குன்வோர் தன் கையாலேயே பூப்போட்ட திரைச்சீலையை வெட்டித் தைத்துப் போட்டது. நாற்பது வருஷம் ஆகிவிட்டது. ஆகவே அது மரபு.

"அடேயப்பா! எண்பதுகளோட கிராமப்புற மாற்றக் கலை! நாட்டுக்கே இது ஒண்ணுதான் மிச்சம் இருக்கும்!" யெர்டாவைக் கூப்பிட்டார். சீட்டின் உபயோக வரலாறு என்று ஒரு படிவம் வந்தது. அந்தச் சீட்டில் நடந்த முக்கிய நிகழ்ச்சி ஏதாவது உண்டா என்று யெர்டா கேட்டாள்.

"எழுதிக்கம்மா," என்றாள் குன்வோர். "எங்க மூத்த பொண்ணு."

"அதுல பொறந்தாங்களா?"

"பொறந்தது ஆஸ்பத்திரியில."

யெர்டா எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. சிக்ஸ்டெனுக்குக் காது மடல் சிவந்தது. வால்டமார் மட்டும் கலங்கவே இல்லை. "அற்புதம். அப்படிப்பட்ட சீட்டுல இனிமே யாரும் உக்காரக்கூடாது," என்றார். அன்றைக்கே சீட்டைக் கழற்றி, பட்டுக் காகிதத்தில் சுற்றி, வாரியத்தின் கிடங்குக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இருபது டிகிரி வெப்பம், ஐம்பது சதவீத ஈரப்பதம் என்று ரசீதும் கொடுத்தார்கள்.

காருக்குப் பின்சீட் இல்லாததால் மூன்று குறைந்தது. எழுபத்தொன்றரை. மேல்முறையீடு தோற்றது.

ஜூலை முதல் தேதி காலை யெர்டா தானே வந்தாள், கையில் சின்னத் திருகாணிச் சாவி. நம்பர் பலகை இரண்டையும் கழற்றினாள், திருகாணிகளை ஒரு உறையில் போட்டு சிக்ஸ்டெனிடமே கொடுத்தாள். "இது உங்களோடது. நாங்க யாரோட பொருளையும் எடுக்குறதில்ல," என்றாள்.

அந்தச் சனிக்கிழமை குன்வோர் ஐந்தே முக்காலுக்கே நாற்காலியை ஜன்னலருகே தள்ளிக்கொண்டு போனாள். சனிக்கிழமைச் சுற்றுக்கென்று நெற்றியில் கட்டும் சிவப்புத் துணியைக் கட்டியிருந்தாள். ஆறு மணிக்கு ஒவ்வொன்றாகக் கார்கள் தேவாலயத் தெருவில் இறங்கின. சத்தத்தை வைத்தே யாருடைய வண்டி என்று சொல்வாள். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஏழு மணிக்குத் துணியை அவிழ்த்து மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். சிக்ஸ்டென் சாசேஜ் கடைக்கு நடந்துபோய் ஒரு சுருள் வாங்கிவந்தார். வீட்டு மேஜையில், தட்டில் வைத்து, கத்தியும் முள்கரண்டியுமாக அவள் அதைச் சாப்பிட்டதைப் பார்க்க அவருக்குச் சகிக்கவில்லை. கொல்லையில் போய், டோரிஸின் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் அழுதார்.

அடுத்த சனிக்கிழமையும் அப்படியே போனது. அதற்கடுத்த சனிக்கிழமை அவள் சிவப்புத் துணியையே எடுக்கவில்லை. ஆறு மணிக்கு ஜன்னலைத் தாண்டி ஒரு பழைய வால்வோ கார் போனது. பின்பக்கத்தை வெட்டிவிட்டு, மரப்பெட்டி ஒன்றைப் பொருத்தி, அதன் பின்னால் மெதுவாகப் போகும் வண்டிக்கான சிவப்பு முக்கோணம் தொங்கவிட்டிருந்தார்கள். பாட்டுச் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பதினைந்து வயசுக்காரர்களின் வண்டி. காரை டிராக்டர் என்று பதிவு செய்துவிட்டால் பதினைந்து வயசிலேயே ஓட்டலாம். முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான். லில்ஃபோர்ஸில் பாதிப் பேர் பள்ளிக்கூடத்துக்கே டிராக்டரில்தான் போகிறார்கள்.

சிக்ஸ்டென் காதைப் பொத்திக்கொண்டார். குன்வோர் பொத்திக்கொள்ளவில்லை. நிமிர்ந்தாள். முப்பத்தொரு வருஷம் டிராக்டர் உதிரிபாகக் கடையில் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவள் அவள். டிராக்டர் சட்டத்தை மனப்பாடமாகச் சொல்வாள்.

"டேய் சிக்ஸ்டென். டிராக்டருக்கு என்னென்ன வேணும்?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"ஒரே வரிசை சீட்டு. பின்சீட் இருக்கவே கூடாது. நம்ம பின்சீட் எங்க?"

"கிடங்குல."

"சுமைத் தளம் ஒண்ணு வேணும். அந்த மகராசி முத்திரை குத்தி எழுதிக் குடுத்த தாள் எங்க வச்ச?"

சிக்ஸ்டென் பதறி எழுந்தார். மூடினார். "ஐயோ, குன்வோர்! டோரிஸைப் போய் டிராக்டராவா? முந்நூறு குதிரை சக்திடி அது! முப்பதுல கட்டிப்போடுறதா?"

"நாப்பது வருஷமா அந்த ஏரிக்கரையில நீ எத்தனைல ஓட்டுற?"

"இருபது," என்று ஒப்புக்கொண்டார்.

"அப்ப பத்து கூடுது. அழாம போய் வேலையப் பாரு."

ஒரு வாரம் வேலை நடந்தது. வேகம் முப்பதைத் தாண்டாமல் இருக்க கியரை ஒன்றோடு நிறுத்திப் பூட்டினார். பின்னால் இழுவைக் கொக்கி பற்றவைத்தார். டோரிஸின் வாலில் இறக்கை மாதிரி விரிந்திருந்த இரண்டு துடுப்புகளுக்கு நடுவில் சிவப்பு முக்கோணத்தை மாட்டினார். பிறகு தள்ளி நின்று பார்த்தார். மோசமில்லை என்றுதான் தோன்றியது.

டிராக்டர் சோதனை, ஊர் எல்லையில் ஒரு தகரக் கொட்டகையில். தூரே என்கிற ஒரே ஆள், எண்ணெய் படிந்த தொப்பி, குன்வோரின் கவுண்டரில் முப்பது வருஷம் பெல்ட் வாங்கியவர். அங்கே எண் சீட்டு எந்திரம் இல்லை.

"குன்வோர்! இன்னும் வாய் குறையலையே உனக்கு?" என்றார்.

"உனக்குத் தலைமுடிதான் குறைஞ்சிருக்கு."

தூரே டோரிஸைச் சுற்றி ஒரு நடை நடந்தார். விசிலடித்தார். "அழகா இருக்கான்னு என் படிவத்துல கேக்கல. இழுக்குமான்னுதான் கேக்குது." கொக்கியை உதைத்துப் பார்த்தார். பின்பக்கம் எட்டிப் பார்த்தார். வாரியத்தின் தாளைப் படித்தார். "சுமைத் தளம், சரி. சுமை?"

"நான்தான்," என்றாள் குன்வோர்.

"சுமையைக் கட்டியிருக்கா?"

"பெல்ட் போட்டிருக்கேன்," என்றார் சிக்ஸ்டென்.

"அவ்வளவுதான் விதி." தூரே முத்திரையை எச்சில் தொட்டுக் குத்தினார். எல்லாம் பதினொரு நிமிஷம்.

அந்த வருஷம் ஜூலைக் கடைசி சனிக்கிழமைக்கு வாகன மரபு வாரியமே லில்ஃபோர்ஸுக்கு வந்தது. நாட்டின் மிக அசலான பன்னிரண்டு அமெரிக்கக் கார்கள், தொண்ணூற்றேழுக்குக் குறையாதவை, ஊர்வலம் போகும் என்று சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். லாரிகளில் போர்த்திக் கொண்டுவந்து, கையுறை போட்டு இறக்கினார்கள். முதல் காரில் வால்டமார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஏறினார். சீட் தேயாமல் இருக்கப் பாதி பிருஷ்டத்தில் உட்கார்ந்திருந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். பக்கத்தில் யெர்டா.

ஆறு மணிக்கு ஊர்வலம் ஏரிக்கரைச் சாலையில் திரும்பியது. சரியாக அதே நேரத்துக்கு, வழக்கம்போல, தேவாலயச் சந்திலிருந்து டோரிஸ் வெளியே வந்து அவர்களுக்கு முன்னால் சேர்ந்தது. முக்கோணம் மினுங்கியது. குன்வோரின் நெற்றியில் சிவப்புத் துணி. கரையில் நின்ற ஜனம் ஹோவென்று கத்தியது.

"முப்பதுல போறேன்," என்றார் சிக்ஸ்டென்.

"எதுக்கு அவசரம்? முப்பதுங்குறது அதிகபட்சம். குறைஞ்சபட்சம் எவ்வளவுன்னு எங்கயும் எழுதல," என்றாள் குன்வோர், கையசைத்துக்கொண்டே. சிக்ஸ்டென் எட்டுக்கு வந்தார்.

ஏரிக்கரைச் சாலையில் நடுவே வெள்ளைக் கோடு, அறுபடாத கோடு. அதைத் தாண்டி முந்தக்கூடாது. எதிரே ஒரு சைக்கிள்கூட வரவில்லை. ஆனாலும் கோடு கோடுதானே? பன்னிரண்டு கார்களில் ஒருவர் முந்தவில்லை. ஒருவர் ஹாரன் அடிக்கவில்லை, அது மரியாதை இல்லை. எல்லாரும் எட்டில் ஊர்ந்தார்கள்.

யெர்டா இறங்கி வேகமாக நடந்து வந்து டோரிஸின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். "சிக்ஸ்டென்! இது பொருள்! இதை ஓட்டக்கூடாது!"

"டிராக்டர்," என்று குன்வோர் தாளை நீட்டினாள். யெர்டா நடந்துகொண்டே படித்தாள். கீழே தன் கையெழுத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு விநோதமான நிம்மதி வந்தது. "டிராக்டர் எங்க மேஜைக்கு வராது," என்றாள். அப்புறம் தணிந்த குரலில், "நல்லா இருக்கீங்க, குன்வோர்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

இரண்டாவது வளைவில் முதல் புகை கிளம்பியது. அசல் இன்ஜின்கள், அசல் விசிறிகள், அசலாகவே கொதித்தன. ஒன்பதாவது கார் ஓரம் கட்டியது, பிறகு நாலாவது, பிறகு கூட்டமாக ஐந்து. படகுத்துறையில் இன்னும் நாலு. சாசேஜ் கடைக்கு வந்து சேர்ந்தது வால்டமாரின் கார் ஒன்றுதான். அதுவும் கடை வாசலில் பெருமூச்சு விட்டு, மூடியின் இரு பக்கமும் நீராவி கக்கி நின்றது. பால் அறை விசிறி சுழல, டோரிஸ் பக்கத்தில் நின்று முனகிக்கொண்டிருந்தது. சிக்ஸ்டென் சுருள் வாங்கி வந்தார், குன்வோர் மேலெல்லாம் வழியவிட்டுத் தின்றாள்.

யெர்டாவைக் காருக்குக் காவல் வைத்துவிட்டு வால்டமார் இறங்கி வந்தார். சட்டையில் முதல் தடவையாகச் சுருக்கம். "லாரிங்க எல்லாம் பெட்ரோல் பங்க்ல நிக்குது," என்றார். "நாலு கிலோமீட்டர். என் காலணி... நடக்குறதுக்கானது இல்ல."

"ஏறுங்க," என்றாள் குன்வோர் இறால் வாயோடு.

வால்டமார் முகம் தெளிந்தது. வலது பக்கம் வந்தார்.

"இங்க இல்ல. டிராக்டர்ல இன்னொரு பயணிக்கு இடமில்ல. பின்னாடி ஏறுங்க. சுமையா வரலாம்."

"சுமையாவா?"

"படிவத்துல அந்தக் கட்டம் இருக்கு. சுமையைக் கட்டாம ஓட்டினா அபராதம். விதி."

விதி என்றதும் வால்டமார் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பின்பக்கம் ஏறி, வெறும் தரையில் உட்கார்ந்து, தானாகவே இரண்டு கையையும் தூக்கினார். சிக்ஸ்டென் இழுவைக் கயிற்றை அவர் மார்பில் இரண்டு சுற்று சுற்றி, உறுத்தாமல், நல்ல முடிச்சாகப் போட்டார். கடை வாசலில் நின்றவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

டோரிஸ் கிளம்பியது. முதல் குழியில் வால்டமார் துள்ளி விழுந்தார். இரண்டாவது குழியில் முனகினார். மூன்றாவதில் பொறுக்கமாட்டாமல், "ஏங்க, இந்தக் கார்ல பின்சீட்டே கிடையாதா?" என்றார்.

குன்வோர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கரையில் நின்ற யாருக்கோ கையசைத்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கே," என்றாள். "உங்க கிடங்குல பத்திரமா இருக்கு. இருபது டிகிரி, ஈரப்பதம் அம்பது."